தாளா, டெப்பா: பக்கத்தில் நிற்பவர் யார்?

(திருகோணமலையில் களப்பணிக்குச் செல்லும் இளையோருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, அடுத்த வாரம் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் புறப்படவிருக்கும் தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம். கூச்சமான கேள்விகளுக்குத் தாளில் விடை வாங்குவதா, டெப் என்னும் தொடுதிரைக் கைக்கணினியில் வாங்குவதா என்பதே இன்றைய பேச்சு.

பல ஆண்டுகளுக்கு முன் திருக்கடலூரில் குடும்பக் கடன் பற்றிய ஆய்வொன்றுக்காக வீடு வீடாகச் சென்றேன். ஒரு வீட்டு விறாந்தையில் மாமியாரும் அயல்வீட்டுப் பெண்ணும் அமர்ந்திருக்க, அவ்வீட்டு மருமகளிடம் வினாக்கொத்தையும் பென்சிலையும் கொடுத்தேன். தவணை கட்டுவதற்காக நகை அடகு வைத்ததுண்டா என்பது அதில் ஒரு கேள்வி. அன்றிரவு அந்தத் தாளை மேசை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். ‘ஆம்’ என்ற கட்டத்தில் இட்ட அடையாளம் அழிறப்பரால் தேய்க்கப்பட்டு, அந்த இடத்தில் தாளே மெலிந்து போயிருந்தது. ‘இல்லை’ என்ற கட்டத்திலோ பென்சில் முனை பதிந்து மறுபக்கம் தெரிந்தது. அட்டவணையில் அது ‘இல்லை’ என்றே ஏறியது, ஏனெனில் அவர் இறுதியாகத் தந்த விடை அதுதான். அந்த மெலிந்த தாளை நான் இன்றுவரை மறக்கவில்லை.

கேட்பவரும் அருகில் இருப்பவரும் நம்மைக் குறைவாக எண்ணிவிடக் கூடாதென்று விடையைத் திருத்திக்கொள்ளும் இந்த இயல்பைச் சமூக ஏற்புச் சாய்வு என்கிறோம். இதை அளப்பதற்கென்றே குரோன், மார்லோ என்னும் உளவியலாளர் இருவர் 1960இல் 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். யாரையும் ஒருபோதும் வெறுத்ததில்லை என்பது போன்ற, எந்த மனிதனுக்கும் முழுமையாகப் பொருந்தாத நற்குணங்களை ஒருவர் வரிசையாகத் தமக்குரியவை என்று ஒப்புக்கொண்டால், அவருடைய ஏனைய விடைகளையும் கவனமாகவே படிக்க வேண்டும். பின்னர் 1984இல் போல்ஹஸ் என்பவர், பிறர் முன் நல்ல தோற்றம் காட்டுவது வேறு, தன்னைப் பற்றித் தானே உயர்வாக நம்பிவிடுவது வேறு என்று பிரித்துக் காட்டினார். இரண்டாவதற்கு எந்தக் கருவியும் மருந்தாகாது. தனியறையில் இருந்தாலும் அந்த நம்பிக்கை கூடவே வரும். எனவே நான் பேசப்போவது முதலாவதைப் பற்றியே.

கணினியின் முன் மனிதர் மனந்திறப்பார்கள் என்ற எண்ணத்துக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 15 முதல் 19 வயது வரையான ஆண்பிள்ளைகளிடம் 1995இல் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியினர் தாளில் தாமே விடை நிரப்பினர். மற்றவர்கள் ஹெட்போனில் கேள்வியைக் கேட்டுக் கணினியில் விடையளித்தனர். ஆண்களுடன் பாலுறவு கொண்டதாகத் தாளில் சொன்னவர்கள் 1.5 சதவீதம், கணினியில் சொன்னவர்கள் 5.5 சதவீதம். டர்னரும் அவருடைய குழுவினரும் 1998இல் இதை வெளியிட்டபோது, இனித் தாளே வேண்டாம் என்று பலருக்கும் தோன்றியது.

ஆனால் அடுத்த ஆண்டே ரிச்மனும் அவருடைய சகாக்களும் பழைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்து, தாளுக்கும் கணினிக்கும் இடையே மொத்தத்தில் பெரிய வேறுபாடில்லை என்றும், தனியாக இருந்து, முந்திய விடைக்குத் திரும்பிச் செல்லவும் முடிந்தவர்களிடம் மட்டும் கணினியில் சாய்வு குறைந்ததென்றும் எழுதினர். டோடு, டி வின்டர் ஆகியோரின் 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், சமூக ஏற்பு அளவுகோல்களில் தாளிலும் கணினியிலும் இணையத்திலும் ஒரே அளவான சாய்வே தெரிகிறது என்றது. இவை ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. அந்த அளவுகோல்களில் ‘நான் எப்போதும் பணிவானவன்’ என்று அடையாளமிடுவதால் ஒருவர் எதையும் இழப்பதில்லை. ஆகவே கருவி மாறினாலும் விடை மாறுவதில்லை. போதைப்பொருளையோ பாலுறவையோ அடகு வைத்த தாலிக்கொடியையோ பற்றிச் சொல்வதில் மானம் போகும். அங்கேதான் யார் பார்க்கிறார்கள் என்பது விடையைத் தீர்மானிக்கிறது.

நம்மூர் நிலைமையை இதனோடு வைத்துப் பாருங்கள். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் உத்தியோகத்தர்கள் டெப்போடு வந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். கேள்வியை அவர் வாசிப்பார், நாம் வாயால் சொல்வோம், அவர் விரலால் தட்டுவார். கருவி கணினியாக இருந்தாலும் அது நேர்முகம்தான். அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கிடைத்த தனிமை அதில் இல்லை. வயதையும் வீட்டுக் கூரையையும் கேட்பதற்கு அது போதும். கணவன் அடிப்பதுண்டா என்று கேட்பதற்கு ஒருபோதும் போதாது. மேலும், யுத்த காலத்தில் பெயர்ப்பதிவு என்றாலே சொல்லை அளந்து பேசப் பழகிய மண் இது. முதல் பக்கத்திலேயே அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டிக்கொண்டு, பின்னர் ‘உங்கள் விடை இரகசியமாக இருக்கும்’ என்று சொன்னால், எங்கள் தாய்மார் எதை நம்புவார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகைக்கான விசாரணையில் வருமானத்தைக் குறைத்துச் சொல்வது இந்தச் சாய்வு அல்ல. விருந்தாளிக்கு முன் இல்லாமையை மறைப்பவரே அங்கே இருப்பதை மறைக்கிறார். இரண்டையும் ஒரே திருத்தத்தால் சரிசெய்ய முயன்றவர்களின் கணக்குகள் தவறியதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே அடுத்த வாரம் கூச்சமான பகுதி வந்ததும் டெப்பை விடையளிப்பவரிடமே கொடுத்துவிடுங்கள். வாசிக்க முடியாதவருக்குக் கேள்விகளைத் தமிழில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். ஹெட்போனை மாட்டிக் காட்டி, திரையில் பச்சையும் சிவப்பும் எதைக் குறிக்கின்றன என்று ஒரு முறை விளக்கினால் போதும். அந்த நேரத்தில் உங்களில் ஒருவர் மாமியாரிடம் கிணற்றடியில் வேறு வினாக்கொத்தை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். பெயரும் இலக்கமும் கேட்கும் பக்கத்தை அந்தப் பகுதியிலிருந்து முற்றாக எடுத்துவிட்டோம். டெப்பின் மின்கலம் தீர்ந்துவிட்டால் தாளையும் உறையையும் கொடுங்கள்; உறையை அவரே ஒட்டட்டும். அவர் ஒட்டி முடிக்கும்வரை நீங்கள் படலைக்கு வெளியே நில்லுங்கள்.