செயலி வந்தபின் ஆசிரியர் வேலை கூடியிருக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "முதியோர் கல்வியில் ஆசிரியரின் பங்கு கைபேசியால் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?" என்பது தலைப்பு. கைபேசியில் எழுத்தறிவு சொல்லித்தரும் செயலியே எழுத்தை உச்சரிக்கிறது, வரைந்து காட்டுகிறது, எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை; தன்னார்வலர் அதைத் திறந்து கொடுத்தால் போதும் என்றார் எதிரணி நண்பர். உச்சரிப்பதையும் வரைவதையும் செயலிக்கே விட்டுவிடுகிறேன். அதன்பிறகும் மிஞ்சுகிற வேலையைக் கேளுங்கள்.

ஐம்பது வயது அம்மா ஒருவர் "எழுத்து மண்டையில ஏறல" என்கிறார். பல நேரம் கோளாறு மண்டையில் இல்லை, கண்ணில். நாற்பதைத் தாண்டினால் பக்கத்தில் இருக்கும் எழுத்து மங்கும். முதல் வாரமே கண் பரிசோதனைக்கு அனுப்பாத வகுப்பில் ஆட்கள் நின்றுவிடுவார்கள்.

அடுத்து, கையெழுத்து. ஒருவர் "செல்வி" என்று தன் பெயரைத் தடையில்லாமல் எழுதுவார். அதிலுள்ள வி, ல் இரண்டையும் எடுத்து "வில்" என்று எழுதி நீட்டினால் திகைப்பார். எழுத்துகளைத் தனித்தனியே அறியாமல், பெயரை ஒரே கோலமாக மனப்பாடம் செய்திருக்கிறார். விரல் போன தடத்தை மட்டும் பார்க்கும் செயலி அதற்கும் "சரி" என்றுதான் சொல்லும்.

247 எழுத்தையும் வரிசையாக ஓட்டினால் பாதியில் ஓடிவிடுவார்கள். ப, ட, ம மூன்றோடு புள்ளியும் துணைக்காலும் போதும்: படம், பாடம், மாடம், மட்டம், பட்டா. நிலப் பட்டாவின் தலைப்பையே வாசித்துவிடலாம். கொம்பெழுத்துகள் பிறகு வரட்டும். கொம்பை முன்னால் எழுதி ஒலியைப் பின்னால் சொல்வதால் அங்கேதான் தடுமாறுவார்கள்.

கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். கிலோ 35 என்றால் நாலு கிலோ 140 என்று நொடியில் சொல்பவருக்குக் கூட்டல் கற்றுக்கொடுப்பது அவமதிப்பு. அவரையே நூற்றைந்து எழுதச் சொல்லுங்கள், 1005 என்று எழுதுவார். நூறும் ஐந்துமாகக் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார். நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கட்டம் போட்டு, நூறில் ஒரு நூறு ரூபாய்த் தாளையும் ஒன்றில் ஐந்து ஒரு ரூபாய் நாணயங்களையும் வைக்கச் சொல்ல வேண்டும். காலியாகக் கிடக்கும் பத்தைப் பார்த்ததும் பூச்சியம் எதற்கென்று அவருக்கே புரியும். வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை அதன் பிறகுதான் கையில் கொடுக்கலாம்.

ஆசிரியர் பங்கு மாறுவது புதிதும் அல்ல. 1991-இல் புதுக்கோட்டையின் முதியோர் எழுத்தறிவு இயக்கமான அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. இன்று சைக்கிள் இருந்த இடத்தில், கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணான ஓடிபி நிற்கிறது. அதை யாருக்கும் சொல்லக்கூடாது என்று பழக்கிவிடுவதும் ஆசிரியர் தலையில்தான்.

2022-இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு: வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு தலா 50. சான்றிதழ் வந்தபின் வாசிக்க ஒன்றுமில்லாவிட்டால் கற்றது மறந்துபோகும். வாரம் ஒரு மாலை பேருந்துப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, நூறு நாள் வேலை அட்டை என்று வாசிக்க வைக்க ஆள் வேண்டும். செயலியைத் திறந்து கொடுத்தால் போதும் என்ற எதிரணி, அந்த மாலை வகுப்புக்கு யாரை அனுப்பும் என்று சொல்லட்டும், நடுவர் அவர்களே.