கார்ட்டூன் கதாபாத்திரத்தோட உடை பிடிக்கலையா? எதை, யார்கிட்ட, எப்போ சொல்லணும்?

(திரையில்: வெளிர்நீலக் கவுன். வில்லின் நாண் பின்னால் இழுபடுகிறது. தோள்பட்டைத் தையல் மட்டும் அருகில்.)

2012ல வந்த 'பிரேவ்' படத்துல ஒரு காட்சி. ஸ்காட்லாந்து இளவரசி மெரிடாவுக்கு அவங்க அம்மா, ராணி எலினோர், உடம்பை இறுக்கிப் பிடிக்கிற ஒரு கவுனை மாட்டிவிடறாங்க. அந்தச் சுருட்டை முடி மொத்தமும் தலைத்துணிக்குள்ள போயிடுது. மூச்சு விட முடியல, அசைய முடியலன்னு பொண்ணு சொல்றா, அம்மா காதுல போட்டுக்கல. அப்புறம் வில்வித்தைப் போட்டி. மெரிடா நாணை இழுக்கறா, கவுன் முதுகைப் பிடிச்சு இழுக்குது. விடாம உடம்பை முறுக்கி அந்தத் தையலைப் பிரிச்சிடறா. கிழிஞ்ச இடத்துல எல்லாம் உள்துணி வெள்ளையாத் தெரியுது. அதுக்கப்புறம் விட்ட அம்பு ஒண்ணுகூடக் குறி தப்பல.

அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடக்கற சண்டை பூரா அந்தக் கவுன்ல இருக்கு. இதை மனசுல வெச்சுக்கிட்டு அடுத்து நடந்ததைப் பாருங்க.

(திரையில்: இரண்டு உருவங்கள், பக்கத்தில் பக்கத்தில். இடது: படத்தில் வந்த மெரிடா. வலது: 2013 விற்பனை ஓவியம், வெறும் கோட்டுப்படமாக.)

2013 மே 11. அமெரிக்காவுல புளோரிடா, வால்ட் டிஸ்னி வேர்ல்ட். மெரிடாவை 11ஆவது டிஸ்னி இளவரசியா முடிசூட்டினாங்க. அதையொட்டி வெளிவந்த புது ஓவியத்துல தோள் தெரியற கவுன், துணி முழுக்க மினுமினுப்பு, இடுப்பு இன்னும் சிறுசு, முடி சலூன்ல அலையலையா விட்ட மாதிரி. வில்லும் இல்ல, அம்பும் இல்ல. எந்த மாதிரி கவுனை அந்தப் பொண்ணு கிழிச்சுப் போட்டாளோ, அதே மாதிரி ஒண்ணைத் திருப்பி மாட்டிவிட்டாங்க.

'எ மைட்டி கேர்ள்'னு ஒரு இணையதளம், பெண் குழந்தைகளுக்கான புத்தகம், பொம்மை எல்லாம் பரிந்துரைக்கிற தளம். அவங்க ஆரம்பிச்ச இணையக் கோரிக்கைல 2 லட்சத்துக்கும் மேல கையெழுத்து விழுந்துச்சு. தன் மகளை நினைச்சு மெரிடாவை உருவாக்கின பிரெண்டா சாப்மன், அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கின இயக்குநர், அவங்களே வெளிப்படையா எதிர்த்தாங்க. அந்த ஓவியம் குறிப்பிட்ட சில பொருள்களுக்கு மட்டும்தான்னு டிஸ்னி நிறுவனம் சொல்லுச்சு. டிஸ்னியோட இணையதளத்துல படத்து மெரிடாவே நின்னா.

இந்த எதிர்ப்பு ஏன் எடுபட்டுச்சு? "உடை ஆபாசமா இருக்கு"ன்னு பொத்தாம்பொதுவா முடிக்கல. வில் எங்க, இடுப்பு ஏன் சுருங்குச்சு, கழுத்து ஏன் இறங்குச்சுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. ஒப்பிட்டுக் காட்ட அசல் உருவம் கையில இருந்துச்சு. அதைவிட முக்கியமா, அவங்க கேட்டது செலவில்லாத மாற்றம். ஏற்கெனவே இருக்கற மெரிடாவை விட்டு வையுங்கன்னுதான் கேட்டாங்க.

(திரையில்: ஸ்கூல் பேக், தண்ணி பாட்டில், டிபன் பாக்ஸ். மூன்றிலும் ஒரே உருவம், ஒரே நிற்கும் தோரணை.)

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. படத்துக்கு உடை வரையறவங்களும், ஸ்கூல் பேக்ல வரப்போற உருவத்தை வரையறவங்களும் வேற வேற ஆளுங்க. படம் ஸ்டூடியோல உருவாகுது. பேக், பாட்டில் எல்லாம் விற்பனைப் பிரிவோட வேலை. அவங்க 'ஸ்டைல் கைடு'ன்னு ஒரு தொகுப்பு தயார் பண்ணுவாங்க: கதாபாத்திரம் எப்படி நிக்கணும், என்ன நிறம், எந்தக் கோணம். உரிமம் வாங்கின கம்பெனி எல்லாம் அதிலிருந்துதான் எடுத்து அச்சடிக்கணும். பல படங்கள்ல இருந்து வந்த இளவரசிங்க ஒரே பேக்ல வரிசையா நிக்கணும்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி பளபளப்பு, ஒரே மாதிரி சிரிப்பு, ஒரே மாதிரி இடுப்பு. காட்டுல குதிரை ஓட்டறவளும் அரண்மனைல நடனம் ஆடறவளும் ஒண்ணாயிடறது அந்த இடத்துலதான்.

அதனால உங்களைக் கோபப்படுத்தின உடை படத்துல இருக்கா, பேக்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. பேக்ல இருந்தா மாத்தறது சுலபம். அடுத்த பேட்ச் அச்சடிக்கறப்போ ஓவியத்தை மாத்தினாப் போதும். 2016ல 'மோவானா' வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, அதுல வர்ற பசிபிக் தீவுப் புராண வீரன் மாவியோட பழுப்பு உடம்பையும் அதுல குத்தின பச்சையையும் அப்படியே முழுக்கை சட்டை, பேன்ட்டாத் தைச்சு குழந்தைகளுக்கு விக்க வெச்சாங்க. இன்னொருத்தர் தோலை மாட்டிக்கிற வேஷமா இதுன்னு பசிபிக் தீவு மக்கள் கேட்டாங்க. கடையிலிருந்து எடுத்துட்டாங்க. படத்துல ஒரு ஃப்ரேம்கூட மாறல.

படத்துக்குள்ள இருக்கற உடையை மாத்தறது வேற கதை.

(திரையில்: முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என நான்கு கோணத்தில் ஒரு உருவம். பிறகு, தையல் கட்டிங் போலத் தட்டையான துணித் துண்டுகள்.)

முதல்ல காகிதத்துல டிசைன். அதுக்கப்புறம் நாலு கோணத்துல மாடல் ஷீட். கம்ப்யூட்டர் அனிமேஷனா இருந்தா அடுத்து நிஜ டெய்லர் வேலை மாதிரியேதான். முன்பாகம், பின்பாகம், கை, காலர்னு தட்டையாத் துண்டு வெட்டி, திரையிலேயே ஓரத்தோட ஓரம் சேர்த்துத் தைப்பாங்க. துணி எவ்வளவு கனம், எவ்வளவு இழுபடும், எவ்வளவு மடங்கும்னு எண்ணு கொடுப்பாங்க. கதாபாத்திரம் நடிச்சு முடிச்சதும் அந்த அசைவு மேல துணியை ஓடவிடுவாங்க. இதுக்குப் பேர்தான் சிமுலேஷன். ஒவ்வொரு ஷாட்லயும் இதைச் செய்யணும். முட்டி பாவாடைக்கு வெளியே குத்திக்கிட்டு வரும், அக்குள்ல துணி சிக்கும், உக்காந்து எந்திரிச்சா மடிப்பு துடிக்கும். ஷாட் ஷாட்டா உக்காந்து கையால சரி பண்ணணும். 90 நிமிஷப் படம், விநாடிக்கு 24 ஃப்ரேம்: மொத்தம் 1,29,600 ஃப்ரேம்.

காட்சிகளைக் கட்டம் கட்டமா வரைஞ்சு பார்க்கற ஸ்டோரிபோர்டு நிலையில கழுத்தை ரெண்டு அங்குலம் ஏத்தச் சொன்னா அது பென்சில் வேலை. ஷாட் எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னா வண்டியைத் திருப்பறதுக்கே இடம் இருக்காது. 2019ல, சோனிக்ங்கற வீடியோ கேம் கதாபாத்திரத்தை வெச்சு எடுத்த படத்தோட டிரெய்லர் வந்து, அதோட உருவத்தைப் பார்த்துட்டு மக்கள் கொதிச்சாங்க. ஒரே ஒரு கதாபாத்திரத்தை மாத்த, 2019 நவம்பர் 8ல வரவேண்டிய படம் 2020 பிப்ரவரி 14க்குத் தள்ளிப்போச்சு. அங்க பிரச்சினை உடை கிடையாது, முகமும் உடம்பும்தான். ஆனா உழைப்போட அளவு புரியும்.

டைட்டான உடை ஏன் இவ்வளவு வருதுங்கறதுக்கும் இதுல பாதி பதில் இருக்கு. உடம்போட ஒட்டின உடைக்கு சிமுலேஷனே வேண்டாம். உடம்பு மாடல் மேலயே நிறம் பூசி, ஓரத்துல கொஞ்சம் மேடு கொடுத்தா முடிஞ்சுது. தரை வரைக்கும் வர்ற பாவாடை, உள்ளே இன்னொரு துணி, மேல போர்வைன்னா மூணு அடுக்கும் ஒண்ணோட ஒண்ணு மோதும். மெரிடாவோட அன்றாட உடை அப்படிப்பட்டது. கனமான கம்பளித் துணி, தோள்லயும் முழங்கையிலயும் பிளவு, அந்தப் பிளவுல வெள்ளை உள்துணி. வில் இழுக்கக் கை மடங்கணுமேன்னு யோசிச்சு வெட்டின உடை. அதுக்கு மேல 1,500க்கும் அதிகமான சுருள்கள் உள்ள முடி, அதுக்குன்னே புதுசா எழுதின மென்பொருள். அவ்வளவு உழைப்பைப் போட்டுட்டு, விற்பனை ஓவியத்துல எல்லாத்தையும் வழிச்சு எடுத்ததைப் பார்த்தா வயிறு எரியத்தான் செய்யும். செலவைக் காரணம் காட்டி எல்லா டைட் உடையையும் நியாயப்படுத்திடவும் முடியாது. அதே படத்துல ஆம்பிளைக் கதாபாத்திரங்களுக்கு மூணு அடுக்குத் துணி இருந்துட்டா, அந்தக் காரணம் நிக்காது.

(திரையில்: ஒரே உடை, மூன்று கேமரா. தூரத்தில் முழு உருவம். கண் மட்டம். காலிலிருந்து மெல்ல மேலே ஏறும் கேமரா.)

நிறைய பெற்றோர் உடைன்னு சொல்ற குறை, உண்மையில கேமராவோட குறை. 2013ல 'ஃப்ரோசன்' வந்தப்போ எல்சாவோட பனி கவுன்ல தொடைப்பக்கம் வர்ற பிளவைப் பத்தி நிறைய பேர் சங்கடப்பட்டாங்க. பிளவு மட்டும் இருந்தா அது நடக்கறதுக்கு வசதி. இடுப்பை ஆட்டி நடக்கற நடை, முகத்துல கூடின மேக்கப், உருமாற்றத்தையே கொண்டாடற கேமரா, இது மூணும் சேர்ந்தப்போதான் அது கண்ணை உறுத்துச்சு. 2019ல வந்த ரெண்டாவது படத்துல பயண உடைக்குப் பிளவை வெச்சுக்கிட்டு உள்ளே பேன்ட் போட்டுவிட்டாங்க. எல்சா ஓடறா, கடல்ல பாயறா, யாருக்கும் நெருடல. பிளவை எடுக்காமலே சரியாச்சு.

அதனால ஒரு காட்சி உறுத்துச்சுன்னா அந்த இடத்துல நிறுத்துங்க. சத்தத்தை அணைச்சுட்டு அஞ்சு விநாடி ஓடவிடுங்க. கேமரா முகத்தைப் பார்க்குதா, உடம்பைப் பார்க்குதா? அவ செய்யற வேலைக்கு அந்த உடை தோதா, இல்ல தடையா? பக்கத்துல நிக்கற பையன் அதே குளிர்ல என்ன போட்டிருக்கான்? உடம்பு அளவையும் பாருங்க. அதே 'ஃப்ரோசன்'ல எல்சாவோட தங்கச்சி அன்னாவோட கண்ணு அவ மணிக்கட்டைவிட அகலம்னு ஒரு சமூகவியலாளர் அளந்து காட்டினார். அந்த உடம்புக்கு எந்த உடையைப் போட்டாலும் பிரச்சினை உடம்புலதான் இருக்கும். புகார்ல உடையை எழுதினா குறி தப்பிடும்.

(திரையில்: கறுப்பு-வெள்ளை. குட்டைப் பாவாடை உருவம் மெல்ல மங்கி, கைவைத்த நீளப் பாவாடை உருவமாகிறது.)

குறி தப்பினதுக்குப் பழைய உதாரணம் பெட்டி பூப். 1930ல ஃப்ளெய்ஷர் ஸ்டூடியோவுல பிறந்த பொண்ணு. தோளில்லாத குட்டை கவுன், தொடைல காலுறையைப் பிடிக்கற கார்ட்டர் பட்டை. குடும்பத்தோட தியேட்டருக்கு வர்றவங்க பார்க்கற குறும்படங்கள். 1934 ஜூலைல ஹாலிவுட் தணிக்கை விதி கட்டாயமாச்சு, பின்னால கத்தோலிக்க அமைப்போட அழுத்தமும் இருந்துச்சு. பாவாடை நீண்டுச்சு, கை வந்துச்சு, பட்டை போச்சு. கூடவே அவளோட துடுக்கும் போச்சு. வீட்டைப் பார்த்துக்கிற, நாய்க்குட்டி வளர்க்கற சாதுவான பொண்ணா ஆனா, 1939ல தொடரே நின்னுச்சு. குறி வெச்சது உடையை, பலியானது அவளோட குணம்.

லோலா பன்னிங்கற பெண் முயல் கதாபாத்திரத்தோட விஷயம் தலைகீழ். 1996 'ஸ்பேஸ் ஜாம்'ல வயிறு தெரியற டாப். 2021 படத்துல மத்த வீரர்கள் மாதிரியே முழு கூடைப்பந்து ஜெர்ஸி. பழைய வடிவம் அளவுக்கு மீறிக் கவர்ச்சியா இருந்துச்சுன்னு இயக்குநர் மால்கம் டி. லீ சொன்னார். கொந்தளிச்சது குழந்தைகளா? 1996ல பார்த்து வளர்ந்த பெரியவங்க!

ஜப்பான்ல 'ஷின்-சான்' பல வருஷம் பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கருத்துக் கணிப்புல, பிள்ளைங்க பார்க்கக் கூடாத நிகழ்ச்சிகள் வரிசைல முன்னாடியே நின்னுச்சு. அது 1990ல பெரியவங்க படிக்கற வார இதழ்ல ஆரம்பிச்ச காமிக்ஸ். இந்தியாவுக்கு வந்தப்போ கார்ட்டூன்னாலே குழந்தைக்குத்தான்னு குழந்தைகள் சேனல்ல ஓடுச்சு. பெற்றோர் புகார், 2008ல மத்திய அரசு தடை, அடுத்த வருஷம் வெட்டு விழுந்த வடிவத்துல திரும்ப ஒளிபரப்பு. அங்க மாத்த வேண்டியிருந்தது யாருக்குக் காட்டறோம்ங்கறதை.

(திரையில்: சான்றிதழ் அட்டை. U, UA 7+, UA 13+, UA 16+, A.)

சான்றிதழ் இதுல எவ்வளவு உதவும்? கொஞ்சம்தான். அமெரிக்காவுல சான்றிதழ் போடற குழுவுல இருக்கறவங்களே பெற்றோர்தான். அப்படியும் 'பிரேவ்'வுக்கு பிஜி (பெற்றோர் வழிகாட்டுதல் தேவைங்கற வகை) கொடுத்தப்போ சொன்ன காரணம் பயமுறுத்தற சண்டையும் முரட்டு நகைச்சுவையும். 'ஃப்ரோசன்'னுக்கும் கிட்டத்தட்ட அதேதான். உடையைப் பத்தி ஒரு வரி கிடையாது. இறுக்கமான கவுனோ சுருங்கின இடுப்போ எந்தக் கட்டத்துலயும் விழாது. இந்தியாவுல 2024லிருந்து UA வகை 7+, 13+, 16+னு பிரிஞ்சிருக்கு. ஓடிடில பெற்றோர் பூட்டு கட்டாயமா இருக்க வேண்டியது 13+ல இருந்துதான். குழந்தைப் படங்கள் பெரும்பாலும் அதுக்குக் கீழதான் வரும், அதனால பூட்டை நம்பி உக்கார முடியாது.

புகார் எழுதறதுன்னா இப்படி எழுதுங்க. படத்தோட பேர், பார்த்த மொழி, எத்தனையாவது நிமிஷம் எத்தனையாவது விநாடி, அந்த இடத்தோட ஸ்க்ரீன்ஷாட். உறுத்தறது உடையா, உடம்பு அளவா, கேமராவான்னு ஒரே வரி. அப்புறம் என்ன வேணும்னு ஒரே வரி: வயசு வகையை ஏத்தணுமா, முன்னெச்சரிக்கை வாசகம் சேர்க்கணுமா, முகப்புப் படத்தை மாத்தணுமா. முகப்புப் படத்தைக் கேட்டுப் பாருங்க, அது நிமிஷத்துல மாத்தற விஷயம். ஒரு கடிதத்துல ஒரே ஒரு காட்சி போதும். பத்துக் காட்சி அடுக்கினா பத்தும் நீர்த்துப் போயிடும்.

ஓடிடியா இருந்தா, 2021 தகவல் தொழில்நுட்ப விதிப்படி குறைதீர்ப்பு அதிகாரியோட பேரையும் தொடர்பையும் அவங்க தளத்துலயே போட்டிருக்கணும். பெரும்பாலும் பக்கத்தோட கடைசி வரிசைல இருக்கும். 24 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு ஒப்புகை, 15 நாள்ல பதில். திருப்தி இல்லன்னா அடுத்த 15 நாளுக்குள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம், அதனால ஒப்புகை மின்னஞ்சலை அழிச்சிடாதீங்க. பேக், கவுன் மாதிரி பொருளா இருந்தா கடைக்காரரைத் திட்டி ஒண்ணும் ஆகாது. லேபிளைத் திருப்புங்க. உரிமம் பெற்ற தயாரிப்பாளர் பேர் அங்க இருக்கும், கடிதம் அவருக்குப் போகட்டும், நகல் ஸ்டூடியோவுக்கு.

(திரையில்: ட்ரையல் ரூம் கண்ணாடி. இளவரசி கவுன் போட்ட ஆறு வயதுக் குழந்தை, ரெண்டு கையும் மேலே.)

கவுன் வாங்கப் போனா மெரிடா பரீட்சை ஒண்ணு வெச்சிடுங்க. குழந்தையை ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கி, வில் இழுக்கற மாதிரி ஒரு முழங்கையைப் பின்னால கொண்டு போகச் சொல்லுங்க. அக்குள் வெட்டினா, இடுப்புத் தையல் விலா வரைக்கும் ஏறினா, அளவு சின்னது இல்ல, வெட்டே அப்படி. ஒரு சைஸ் பெருசு எடுத்தாலும் கழுத்துதான் இறங்கும், அக்குள் அப்படியேதான் பிடிக்கும். தோள் திறந்த மாதிரி டிசைன்னா அந்த இடத்துல தோல் நிற நெட் தைச்சிருப்பாங்க. அது குழந்தையோட நிறத்துக்குப் பொருந்தவே பொருந்தாது, ஓரம் கழுத்தை அறுக்கும், உள்ளே பருத்தி லைனிங் இருக்கான்னு விரல் விட்டுப் பாருங்க. பின்னால தொங்கற அங்கி கழுத்துல நாடா முடிச்சா இருந்தா வேண்டாம். இழுத்தா உடனே பிரியற வெல்க்ரோ இருக்கணும்.