கணக்கைப் படிக்கும் முன் எல்லையைப் பாருங்கள்

அவையோருக்கு வணக்கம். நவம்பர் 1 என்றாலே எல்லைப் போராட்டத் தியாகிகளைப் பற்றிப் பேசுவோம். பேசத்தான் வேண்டும். இன்று அவர்களோடு சேர்த்து மக்கள்தொகைக் கணக்கையும் பேச வந்திருக்கிறேன்.

1951 கணக்கெடுப்பில் சென்னை மாநிலத்தின் மக்கள்தொகை 5.7 கோடி. 1961-இல் 3.37 கோடி. பத்தே ஆண்டில் 2.3 கோடிப் பேர் எங்கே போனார்கள்? யாரும் எங்கும் போகவில்லை, அவரவர் ஊரில்தான் இருந்தார்கள். எல்லைதான் மாறியது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1-இல் மலபார் கேரளத்துக்கும், தென் கன்னடமும் கொள்ளேகாலும் மைசூருக்கும் போயின. இன்றைய எல்லைக்குள் 1951-இல் வாழ்ந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் சுமார் 3 கோடி. ஆக, நாம் குறையவில்லை, கூடியிருக்கிறோம்!

அதே 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நமக்கு வந்தவை செங்கோட்டையும், கன்னியாகுமரி மாவட்டமாக அமைந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும். அவை சும்மா வந்துவிடவில்லை. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்திய போராட்டம் அது.

இப்போது 2011 கணக்கில் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பாருங்கள். மாநில எழுத்தறிவு 80 விழுக்காடு, இங்கே கிட்டத்தட்ட 92. சதுர கிலோமீட்டருக்கு மாநிலத்தில் 555 பேர், இங்கே ஆயிரத்துக்கும் மேல். மயிலாடியில் ஜெர்மன் மதபோதகர் ரிங்கல்தௌபே காலத்திலேயே மிஷன் பள்ளி வந்த மண் இது, அப்புறம் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளும் வந்தன. தமிழ்நாட்டு ரப்பர் என்று ஏட்டில் எழுதுவதும் பெரும்பாலும் இந்த மாவட்டத்துப் பால்தான். இந்த நான்கு தாலுகாக்கள் இல்லாமல் நம் மாநிலப் புள்ளிவிவரம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கிடைக்காதவையும் உண்டு. கேரளத்தோடு நின்றுவிட்ட தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தோட்டத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களை வந்துபோகும் கூட்டமாக எண்ணியது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். முல்லைப் பெரியாறு அணை நிற்பது அந்தப் பக்கம், அதன் தண்ணீரில் விளைவது தேனி, மதுரை வயல்கள். நிலம் அங்கே கணக்கில், நெல் இங்கே கணக்கில். வடக்கே, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடியதில் 1960-இல் திருத்தணி வந்தது, திருப்பதி வரவில்லை.

சரி, பொருளாதாரத்துக்கு வருவோம். நாட்டின் பரப்பில் 4 விழுக்காடு, மக்களில் 6 விழுக்காடு உள்ள நாம், மொத்த உற்பத்தியில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறோம். 2023-24-இல் அது சுமார் 27 லட்சம் கோடி ரூபாய். தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் நமக்கே முதலிடம். ஆனால் தனிநபர் வருமானம் என்று செய்தியில் படிக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: எத்தனை பேரால் வகுத்தார்கள்? 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. வகுப்பது மதிப்பீட்டால்தான்.

தலைக்கணக்கு வருமானத்தோடு நிற்பதில்லை. 1961 கணக்கை வைத்துத் தொகுதி பிரித்தபோது 1967-இல் நம் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆயின. 1976 முதல் மாநிலங்களுக்கான இடப் பங்கீடு 1971 கணக்கிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே இடங்களை இழக்கக் கூடாது என்பதை இந்த மேடையில் அழுத்தமாகச் சொல்கிறேன். வணக்கம்.