பெல்ட் டெஸ்ட்டும் மாதக் கட்டணமும்: சிற்றூர் கராத்தே மாஸ்டரின் பிழைப்பு

நேயர்களுக்கு வணக்கம். கோவில்பட்டி, சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி மைதானம் பக்கம் போனால், வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். முன்னால் நின்று 'இச்சி, நி, சான்' என்று எண்ணிக்கை கொடுப்பவரை ஊரே 'கராத்தே மாஸ்டர்' என்று கூப்பிடுகிறது. அவருடைய பிழைப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அவருக்குப் பணம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளைக்குப் பாடம் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதும் அமைகிறது.

ஒருவர் மாஸ்டராவது லேசுப்பட்ட காரியமல்ல. வெள்ளை பெல்ட்டில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று ஏறி பிளாக் பெல்ட்டைத் தொட, ஒழுங்காகப் பயின்றால் நாலைந்து வருடமாகும். நிறங்களின் வரிசை ஸ்டைலுக்கு ஸ்டைல், அதாவது கராத்தேயின் பிரிவுக்குப் பிரிவு, கொஞ்சம் மாறும். பிரவுன் கட்டியதும் 'சீனியர்' ஆகிவிடுவார். மாஸ்டர் வரும்வரை வாம்-அப் கொடுப்பது, பொடியன்களுக்கு பெல்ட் கட்டிவிடுவது எல்லாம் அவர் தலையில். சம்பளம் கிடையாது. பிளாக் பெல்ட்டுக்குள் இருக்கும் படிகளுக்கு 'டான்' என்று பெயர். முதல் டான் முடித்து இரண்டாம் டானுக்குப் போக, பொதுவாக இரண்டு வருட இடைவெளி வேண்டும். அதற்குள் சொந்தமாக ஒரு கிளாஸ் தொடங்கியிருப்பார். பகலில் வேறு ஏதாவது வேலை, காலையும் மாலையும் கராத்தே. பலர் இதோடு சிலம்பமும் யோகாவும் சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள். ஒன்றை மட்டும் வைத்துக் குடும்பம் ஓடாது.

கணக்கைப் பாருங்கள். மாதக் கட்டணம் 500 ரூபாய், சேர்ந்திருப்பவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் எழுதினால் 20,000 ரூபாய் வரும். ஆனால் மே மாத சம்மர் கேம்ப் கூட்டம் ஜூனில் கரைந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் பரீட்சை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் நன்றாகச் செய்யும் பிள்ளையைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். வருடம் முழுக்க ஒழுங்காகக் கட்டுபவர்கள் 25 பேர் என்று கொண்டால், கையில் நிற்பது 12,500. இதில் இடத்துக்கு வாடகை, பெட்ரோல், உதைத்தும் குத்தியும் பழகும் கிக் பேடு கிழிந்தால் அதற்குப் பதில் புது பேட் எல்லாம் போகவேண்டும்.

மாதக் கட்டணத்தில் 50 ரூபாய் ஏற்றினால் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். அதே பெற்றோர் பெல்ட் டெஸ்ட்டுக்கு 1,000 ரூபாய் என்றால் தயங்காமல் எடுத்துக்கொடுக்கிறார்கள். கையில் சான்றிதழ், இடுப்பில் புது நிறம், போட்டோ எல்லாம் கிடைக்கின்றன அல்லவா. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு ஸ்டைலின் தலைமைக்கும் சான்றிதழுக்கும் போகும். மீதிதான் மாஸ்டரின் வீட்டு வாடகை. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட் வைத்தே தீரவேண்டியிருக்கிறது. யாரையும் ஃபெயில் ஆக்கவும் முடிவதில்லை, ஏனென்றால் ஃபெயில் ஆன பிள்ளை அடுத்த மாதம் கிளாஸுக்கு வராது. இதை மாஸ்டரின் பேராசை என்று சொல்வது அநியாயம். அவரை இந்தப் பக்கம் தள்ளுவது கட்டணத்தின் அமைப்பு.

ஓப்பன் டோர்னமென்ட் கதையும் இப்படித்தான். கராத்தேயில் வெண்கலம் இரண்டு பேருக்கு உண்டு. வயது, எடை, பெல்ட் நிறம் என்று பிரித்துப் பிரித்து நாலு நாலு பேராகக் குழு போட்டால், வந்த எல்லாருக்கும் மெடல் கிடைத்துவிடும். நுழைவுக் கட்டணம் கட்டிய வீட்டுக்கும் மனநிறைவு. 'உலக சாதனை' என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, தனியார் அமைப்புகளிடம் காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களும் அப்படியே. விளையாட்டு இடஒதுக்கீட்டுக்கு இவை உதவாது. அங்கே அங்கீகாரம் பெற்ற அமைப்பின் போட்டியா என்றுதான் பார்ப்பார்கள். இந்திய கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தையே 2020-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் ரத்து செய்தது. ஆகவே போட்டிக்குப் பணம் கட்டுமுன், நடத்துகிற சங்கம் இன்று எந்த அமைப்போடு இணைந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால் நல்ல மாஸ்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இந்த ஓட்டத்தில் அடிபடுவது அடிப்படைப் பயிற்சி. கட்டா என்பது தனியாக, வரிசை மாறாமல் செய்துகாட்டும் அசைவுகளின் தொகுப்பு. ஷோட்டோகான் என்ற ஸ்டைலில் ஹெய்யான் ஷோடான் என்ற கட்டாவுக்கு 21 அசைவுகள். வரிசையை இரண்டு வாரத்தில் உருப்போட வைத்துவிடலாம். டெஸ்ட்டில் அதைச் செய்துகாட்டி மஞ்சள் பெல்ட்டும் வாங்கிவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் முஷ்டியைப் பிரித்துப் பாருங்கள்.

நாலு விரலையும் நுனியிலிருந்து சுருட்டி உள்ளங்கைக்குள் அழுத்தவேண்டும். கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்கே படியவேண்டும். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டு எதையாவது பலமாகக் குத்தினால் அந்த விரல் முறியக்கூடும். குத்து படவேண்டிய இடம் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் அடிமுட்டிகள். மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு ஒரே நேராக இருக்கவேண்டும். காற்றில் மட்டுமே குத்திப் பழகிய பிள்ளைக்கு மணிக்கட்டு வளைவது தெரியாது. முதன்முறை பேடைக் குத்தும்போதுதான் சுளுக்கிக்கொள்ளும். அதனால் முதல் மாதத்திலேயே, வேகமில்லாமல், பேடைத் தொட்டுத் தொட்டுப் பழக்கவேண்டும்.

மே கெரி என்கிற முன் உதையும் அப்படியே. முதலில் முழங்கால் இடுப்புக்கு மேலே வரவேண்டும். பிறகு விரல்களை மேல்நோக்கி மடக்கி, விரல்களுக்குக் கீழுள்ள சதைமேட்டால் உதைக்கவேண்டும். உடனே காலை மடக்கி இழுத்து, அப்புறம்தான் கீழே வைக்கவேண்டும். இழுக்காமல் போட்டால் உடம்பு முன்னால் விழும், எதிராளி காலைப் பிடித்துக்கொள்வார். நிற்கும்போது முன்முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடங்கவேண்டும். உள்பக்கம் சாய்ந்தபடியே வருடக்கணக்கில் பழகினால் முழங்கால்வலி வரும். வளரும் பிள்ளைகள் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு குதித்துக்கொண்டே இருந்தால் குதிகாலும் வலிக்கும், முழங்காலுக்குக் கீழேயும் வலிக்கும். ஒரு மீட்டர் சதுர ஃபோம் மேட் இல்லாவிட்டால் மண் தரையே மேல். ஆண்டு விழாவில் சின்னப் பையனை ஓடு உடைக்க வைப்பதும், கைமேல் பைக் ஏற்றுவதும் வேண்டவே வேண்டாம். எலும்பின் வளர்ச்சி முடியாத வயது அது.

இருபது பேருக்கு மேல் இருந்தால் ஒரு மாஸ்டரால் இத்தனையையும் கவனிக்க முடியாது. தனியார் பள்ளிகளில் அறுபது பேரை ஒரே வரிசையில் நிறுத்தி ஒருவர் கையில் கொடுக்கிறார்கள். அங்கே நடப்பது உடற்பயிற்சி மட்டுமே.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ராணி லட்சுமிபாய் பெயரில் தற்காப்புப் பயிற்சி இருக்கிறது. ஒரு பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று மாதம். மூன்று மாதத்தில் கட்டா சொல்லிக்கொடுப்பது வீண். உரக்கக் கத்துவது, தள்ளிவிட்டு ஓடுவது, பிடியிலிருந்து விடுபடுவது, இந்த மூன்றும் போதும். மணிக்கட்டைப் பிடித்தால் பலத்தால் பின்னுக்கு இழுக்கக்கூடாது. பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் பலவீனமான இடம். நம் மணிக்கட்டின் மெல்லிய விளிம்பை அந்த இடைவெளிக்குத் திருப்பி, நம் முழங்கையை அவன் முழங்கைப் பக்கம் மடக்கினால் பிடி விட்டுப்போகும். உடனே ஓடவேண்டும். ஜோடி மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். தோழி மெதுவாகப் பிடிப்பதிலேயே பழகினால் உண்மையான பிடியில் கை உறைந்துவிடும்.

பெண் பிள்ளைகள் வரும் கிளாஸில் ஒரு பெண் சீனியர் கட்டாயம் இருக்கவேண்டும். நிலையைத் தொட்டுத் திருத்தாமல் வாயால் சொல்லியோ எதிரே செய்துகாட்டியோ திருத்தலாம். கதவு திறந்திருக்கட்டும், பெற்றோர் உட்கார இடம் இருக்கட்டும்.

மாஸ்டரின் உடம்புக்கு வருவோம். திறந்த மைதானத்தில் காலையும் மாலையும் கத்தி எண்ணிக்கை கொடுப்பதில் தொண்டை கட்டிப்போகும். மாணவர்களையே முறைவைத்து எண்ணச் சொன்னால் அவர் குரல் தப்பும், பிள்ளைகளின் கூச்சமும் போகும். ஐம்பதை நெருங்கும்போது இடுப்பும் முழங்காலும் மறுக்கத் தொடங்கும். பி.எஃப். இல்லை, ஓய்வூதியம் இல்லை. அதற்குள் இரண்டு சீனியர்களைக் கட்டணத்தில் பங்கு கொடுத்து வளர்த்திருக்கவேண்டும். இலவச வேலை வாங்கினால் அவர்கள் அடுத்த தெருவில் தனிக் கிளாஸ் போட்டுவிடுவார்கள். அப்படிப் போவதும் நியாயம்தான்.

இனி, பெற்றோரும் மாஸ்டர்களும் சேர்ந்து யோசிக்க ஒரு கணக்கு. டெஸ்ட்டில் ஆளுக்கு 600 ரூபாய் மாஸ்டருக்கு மிஞ்சுகிறது என்று வையுங்கள். 25 பேர், வருடத்துக்கு நாலு டெஸ்ட் என்றால் 60,000. மாதக் கட்டணத்தை 500-லிருந்து 700 ஆக்கினால், அதே 25 பேரிடமிருந்து பன்னிரண்டு மாதத்தில் கிடைப்பதும் 60,000. டெஸ்ட்டுக்குத் தலைமையின் பங்கையும் சான்றிதழ்ச் செலவையும் மட்டும் வாங்கலாம், வருடத்துக்கு இரண்டு முறை வைத்தால் போதும், தவறியவருக்கு மறு டெஸ்ட் இலவசம். ஜூனில் புது வகுப்பு தொடங்கும்போதே இதைத் தாளில் அச்சடித்து, பழைய கட்டணத்தையும் புதிய கட்டணத்தையும் வருட மொத்தத்தோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டு, பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள். நடு வருடத்தில் மாற்றினால் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

வணக்கம்.