பெஞ்சில் உட்கார வைப்பவர்

வணக்கம். மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியில் இப்போது ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற இந்தக் காற்றிடம், வெட்டவெளித் திடலில் கூடைப்பந்து ஆடுகிற எல்லாரும் ஒருமுறையாவது ஏமாந்திருப்பார்கள். எங்கள் கோச் ஆடி மாதத்தில் மேற்குக் கூடையை நோக்கி ஆடும் பாதியில், தூரத்தில் நின்று மூன்று புள்ளிக்கு எறிவதற்கே தடை போட்டுவிடுவார். எதிர்க்காற்றில் பந்து வளையத்தைத் தொடாமலே விழும்.

போன வாரம் என் சித்தப்பா கேட்டார்: "கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவனுக்கு எதற்கப்பா கோச்? கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதற்கு ஓர் ஆளா?" சித்தப்பா கிரிக்கெட் ரசிகர். அங்கே களத்தில் நிற்கிற கேப்டன் முடிவெடுப்பார். கூடைப்பந்து அப்படியில்லை. ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஆளை மாற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கத்துவது சின்ன வேலை. சர்வதேச விதிப்படி 40 நிமிட ஆட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திப் பேச ஓர் அணிக்குக் கிடைப்பது ஐந்து டைம் அவுட், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அதற்குள் யாருக்கு என்ன கற்றுக்கொடுக்க முடியும்? யாரை எப்போது உட்கார வைப்பது, உட்கார்ந்தவனிடம் பிறகு எப்படிப் பேசுவது, இவை இரண்டும்தான் கோச்சின் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு அது 16 வயதில் உறைத்தது. கரூரில் ஓர் ஆட்டம். என் கை அன்றைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நான்கு நிமிடம் இருக்கும்போது கோச் என்னை வெளியே எடுத்துவிட்டார். ஒரு புள்ளியில் தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். காங்கேயம் தாண்டியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கண்ணு, இன்றைக்குக் கணக்குத் தப்பிவிட்டது. ஆனால் நாளைக்கும் அதே நேரத்தில் உன்னை வெளியேதான் எடுப்பேன். உனக்குக் கை நகர்கிறது, கால் நகரவில்லை."

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் இரண்டு கையிலும் ஒவ்வொரு தேங்காயைக் கொடுத்தார். முழங்காலை மடக்கி, தேங்காயைத் தோள் உயரத்தில் பிடித்தபடி, ஆடுகளத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பக்கவாட்டில் நகர வேண்டும். கையில் சுமை இருந்தால் பந்தைத் தட்டக் கை நீட்ட முடியாது, கால்தான் ஓட வேண்டும். தேங்காயைக் கீழே போட்டு உடைத்தவன் மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவர வேண்டும். அந்த மாதம் எங்கள் வீட்டில் சட்னி குறைந்துபோனது.

இனி அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வுக்கு வருகிறேன். 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஜெயித்தால் கோப்பை. 28 நொடி இருக்கும்போது மயாமி ஹீட் ஐந்து புள்ளி பின்னால். ஸ்பர்ஸ் கோச் கிரெக் பாபவிச், அன்றைக்கு 30 புள்ளி எடுத்திருந்த டிம் டங்கனைத் தற்காப்பின்போது பெஞ்சில் உட்கார வைத்தார். எதிரணிக்குத் தேவை மூன்று புள்ளி, ஆகவே வெளிவட்டத்தை ஓடி மறிக்கிற ஆட்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. வித்தியாசம் மூன்றாகக் குறைந்திருந்தபோது மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்தது தவறியது. எகிறிய பந்தைப் பிடிக்க டங்கன் இல்லை. கிறிஸ் பாஷ் பிடித்து மூலைக்குத் தள்ள, ரே ஆலன் எறிந்தார். 5.2 நொடி மிச்சம், ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் ஸ்பர்ஸ் தோற்றது, ஏழாவது ஆட்டத்திலும் தோற்றது.

கணக்கு சரிதான், விடை தப்பு. பாபவிச்சைத் திட்டுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். மறு ஆண்டு அதே இரண்டு அணிகள் இறுதியில் மோதின. ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும்போது, மூன்றாவது ஆட்டத்தில் பாபவிச் தொடக்க ஐவரை மாற்றி போரிஸ் டியாவை இறக்கினார். அதிலிருந்து வரிசையாக மூன்று ஆட்டமும் ஸ்பர்ஸுக்கு, கோப்பையும்தான். முந்தைய ஆண்டு அப்படிச் சூடுபட்டவர் மறுபடியும் ஆளை மாற்றத் துணிந்தார் பாருங்கள், அந்த நெஞ்சுரம் எனக்குப் பிடிக்கும்.

2015 இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2-1 என்று பின்தங்கியிருந்தது. அணியின் உதவியாளர் நிக் யூரென் முந்தைய ஆண்டின் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். டியாவை இறக்கிய அந்த மாற்றம் கண்ணில் பட்டது. நாமும் ஆந்த்ரே இகுடாலாவை முதலில் இறக்கலாமே என்று யோசனை சொன்னார். தலைமை கோச் ஸ்டீவ் கெர், ஆடிய காலத்தில் பில் ஜாக்சனிடமும் பாபவிச்சிடமும் பாடம் கேட்டவர். ஒரு உதவியாளரின் பேச்சைத் தள்ளாமல் கேட்டார். மாற்றம் எதுவும் இல்லை என்று பத்திரிகையாளர்களிடம் பொய் சொன்னார், பிறகு பொய்தான் என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். வாரியர்ஸ் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தது. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் இகுடாலா.

இதில் எனக்குப் பெரியதாகத் தெரிவது வேறு. அதுவரை தான் ஆடிய ஆட்டமெல்லாம் முதல் ஐவரில் ஆடிப் பழகிய இகுடாலாவை, அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே கெர் பெஞ்சுக்கு அனுப்பியிருந்தார். லீக் ஆட்டம் ஒன்றில்கூட முதலில் இறங்காத அவர், முறுக்கிக்கொள்ளாமல் தயாராகவே இருந்தார். அப்படி ஒருவரை மாதக்கணக்கில் உட்கார வைத்தும் மனம் கோணாமல் வைத்திருப்பதற்குத்தான் கோச்சுக்குச் சம்பளம். நான் ஒரு பஸ் பயணத்துக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன்.

கோச்சின் பங்குக்கு நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2014இல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய ஆண்கள் அணி சீனாவை 65-58 என்று வீழ்த்தியது. அப்போது கோச் அமெரிக்கரான ஸ்காட் ஃபிளெமிங்.

கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை நடக்கும்போது பீளமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். வங்கி அணிகளும் துறை அணிகளும் வரும். கூடைப்பந்து ஆடியே வேலை வாங்கியவர்கள், நம் ஊர்க் கணக்கில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அவர்கள்தான். ஒரு கால் மணி நேரம் பந்தை விட்டுவிட்டு பெஞ்சைப் பாருங்கள். வெளியே வருகிறவனிடம் கோச் துண்டை நீட்டுகிறாரா, முதுகைக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள்.

நேற்று எங்கள் கோச்சிடம் அந்த 2013 காட்சியைக் கைப்பேசியில் காட்டினேன். மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். டங்கனைச் சுட்டி, "ஆள் நல்ல உயரம். கால் நகருமா?" என்றார். அப்போது அவருக்கு 37 வயது சார் என்றேன். "பிறகென்ன" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேங்காய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு திடலுக்குள் போய்விட்டார்.