தராசு தாண்டிய பிறகு சாகும் மீன்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடித்து வந்து மேடையில் எடைபோட்டு, அதிக எடைக்குப் பரிசு தரும் போட்டிகள் நடக்கின்றன. அந்தப் போட்டிகளுக்குக் கெட்ட பெயர் வருவது செத்து மிதக்கும் மீன்களாலா, அவற்றைப் படம் எடுத்துப் பரப்புகிறவர்களாலா என்பது தலைப்பு. மீன்களால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தப் போட்டிகளை நடத்திய ரே ஸ்காட் என்பவரைப் பற்றி எதிரணி நண்பர் சொன்னார். 1972-லேயே, பிடித்த மீனைக் கொல்லாமல் திருப்பி விடுங்கள் என்று தன் போட்டிகளில் பழக்கியவர் அவர். பிடித்த மீனை எடைபோடும் வரை உயிரோடு வைக்கப் படகுகளில் காற்றூட்டும் தொட்டி வந்தது. செத்த மீனை எடைமேடைக்குக் கொண்டுவந்தால் போட்டியாளரின் மொத்த எடையில் ஒரு மீனுக்கு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம், வெட்டு என்று விதியும் வந்தது. எல்லாம் உண்மை, அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த விதி தராசில் வைக்கும்போது செத்திருக்கும் மீனை மட்டும்தானே கணக்கில் எடுக்கிறது?

காலையில் பிடிபட்ட மீன் மதியம் வரை தொட்டிக்குள் கிடக்கிறது. ஒரே தொட்டியில் ஐந்து மீன்கள், நல்ல கோடைக்காலம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, தண்ணீரிலோ அது குறைகிறது. அப்புறம் பையில் போட்டு வரிசையில் நிற்பது, மேடையில் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டுவது. கை படப் பட உடம்பைக் காக்கும் வழவழப்பு போகிறது. ஆழத்தில் பிடித்த மீன் என்றால் உள்ளே காற்றுப்பை வேறு உப்பியிருக்கும். இத்தனையும் தாங்கி, ஏரியில் விட்டதும் வாலை அடித்துக்கொண்டு நீந்திப் போகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அதே மீன் செத்து, வயிறு ஊதிக் கரை ஒதுங்கினால் அது யார் கணக்கிலும் வராது.

கரையில் குடியிருப்பவர் அதைத்தான் படம் எடுக்கிறார். அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்?

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஏரியில் சாகும் ஒவ்வொரு மீனுக்கும் போட்டி காரணமில்லை. 1995-ல் தென் கரோலினாவின் சான்டீ கூப்பர் நீர்த்தேக்கத்தில் பாஸ் மீன்கள் செத்தபோது ஆராய்ந்ததில் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படிப்பட்ட சாவுக்கும் போட்டி மேல் பழி விழுவது அநியாயம்தான். ஆனால் ஏன் விழுகிறது? போட்டி முடிந்த வாரங்களில் மீன் மிதப்பதைப் பார்த்துப் பழகிய கண்கள், நடுவர் அவர்களே. அந்தச் சந்தேகத்தை விளம்பரம் போட்டு நீக்க முடியாது.

வழி இல்லாமலும் இல்லை. மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு 2019-ல் பாஸ் புரோ டூர் என்ற போட்டித் தொடரைத் தொடங்கியபோது, பிடித்த இடத்திலேயே படகில் நடுவர் முன்னால் எடைபோட்டு உடனே விட்டார்கள். தொட்டியும் இல்லை, பையும் இல்லை, மேடையும் இல்லை. பரிசு கொடுத்தார்கள், ரசிகர்களும் பார்த்தார்கள். மேடையில் மீனைத் தூக்கிக் காட்டினால்தான் கூட்டம் வரும் என்ற எதிரணியின் வாதத்துக்கு என் பதில் இதுதான்.