அலாஸ்காவுக்குப் போதும், வாஷிங்டனுக்குப் போதாது

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

2008 அமெரிக்கத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலினுக்கு, அந்தப் பதவிக்கு வேண்டிய அரசியல் அனுபவம் இருந்ததா, இல்லையா? இல்லை என்று பேச வந்திருக்கிறேன். எதிரணியில் முதலில் பேசிய சகோதரி மூன்று விஷயங்களைச் சொன்னார். பேலின் அலாஸ்காவின் ஆளுநராக ஒரு மாநிலத்தையே ஆண்டவர். ஒபாமாவுக்கு மட்டும் என்ன பெரிய அனுபவம் இருந்தது? அப்புறம், துணை அதிபர் என்பது ஒரு அலங்காரப் பதவிதானே, அதற்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி? கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அங்கேதான் தொடங்குகிறது.

அலங்காரப் பதவி என்பது பாதி உண்மை. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபைக்குத் தலைமை தாங்கலாம், ஓட்டு சமமாகப் பிரிந்தால் தன் ஓட்டைப் போடலாம். அன்றாட வேலையாக அமெரிக்க அரசமைப்பு கொடுத்திருப்பது அவ்வளவுதான். ஆனால் 2008 வரை துணை அதிபராக இருந்த 46 பேரில் 9 பேர் பதவிக்காலத்தின் நடுவிலேயே அதிபராக வேண்டி வந்தது. எட்டுப் பேர், அதிபர் இறந்துபோனதால். ஒருவர், ஜெரால்டு ஃபோர்டு, நிக்சன் ராஜினாமா செய்ததால். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இரவுப் பேருந்தில் மாற்று ஓட்டுநர் பாதி வழி தூங்கிக்கொண்டுதான் வருகிறார். அதற்காக, ஓட்டத் தெரியாதவரை அந்த இருக்கையில் உட்கார வைப்போமா?

ஹாரி ட்ரூமனை எதிரணியினர் தங்களுக்குச் சாதகமாகச் சொன்னார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாதவர், அவரே சமாளிக்கவில்லையா என்றார்கள். நடுவர் அவர்களே, ட்ரூமன் எங்கள் சாட்சி. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்தபோது ட்ரூமன் துணை அதிபராகி 82 நாட்கள்தான் ஆகியிருந்தன. உலகப் போர் முடியவில்லை. அணுகுண்டு என்ற ஒன்று தயாராகிறது என்பதே அவருக்குத் தெரியாது. பதவியேற்ற அன்று மாலை போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் மேலோட்டமாக ஒரு வார்த்தை சொன்னார், முழு விவரம் ஏப்ரல் 25 அன்றுதான் வந்தது. ஜூலையில் போட்ஸ்டாமில் ஸ்டாலினுக்கும் சர்ச்சிலுக்கும் எதிரே உட்கார வேண்டியிருந்தது. ஒரு மனிதனுக்கு இதைவிடக் கடுமையான தொடக்கம் இருக்க முடியுமா?

எப்படித் தாங்கினார்? அதற்கு முன் பத்து ஆண்டுகள் செனட்டில் இருந்தவர். 1941 முதல் போர்ச் செலவில் நடக்கும் முறைகேடுகளை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். தளபதிகள், தொழிற்சாலை முதலாளிகள், ஒப்பந்தக்காரர்கள் எல்லோரையும் எதிரில் உட்கார வைத்துக் கணக்குக் கேட்டவர். அந்த விசாரணை அணுகுண்டுத் திட்டத்தின் விளிம்புவரை போனது. 1943இல் இதே ஸ்டிம்சன், இந்த ஒன்றை மட்டும் தோண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள, ட்ரூமன் நிறுத்திக்கொண்டார். ரகசியம் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அரசு எப்படி இயங்குகிறது, யார் எதை மறைப்பார்கள், எவ்வளவு கேட்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பட்டம் இல்லை, பாடம் இருந்தது.

லிண்டன் ஜான்சனையும் பாருங்கள். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் கென்னடி சுடப்பட்டார், விமானத்துக்குள்ளேயே ஜான்சன் பதவியேற்றார். கென்னடி கொண்டுவந்த குடிமை உரிமைகள் சட்ட மசோதா நாடாளுமன்றத்தில் முடங்கிக் கிடந்தது. அதை 1964 ஜூன் 10 அன்று, 71க்கு 29 என்ற கணக்கில் செனட்டின் முட்டுக்கட்டையை உடைத்துக் கொண்டுபோய், ஜூலை 2 அன்று சட்டமாக்கினார். கீழவையில் 12 ஆண்டு, செனட்டில் 12 ஆண்டு, அதில் ஆறு ஆண்டு பெரும்பான்மைக் கட்சித் தலைவர். எந்த உறுப்பினருக்கு எந்தக் கதவு என்று அறிந்திருந்தவர். கறுப்பின மக்கள் பல தலைமுறைகளாகக் காத்திருந்த சட்டம் அது. துணை அதிபராக இருந்தவரின் அனுபவம் அவர்களுடைய வாழ்க்கையைத் தொட்டது. அதனால்தான் இந்தத் தலைப்பை வெறும் தேர்தல் வம்பு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

சரி, பேலினுக்கு வருகிறேன். அவரைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் எங்கள் அணிக்கு இல்லை. வசில்லா என்ற சிற்றூரின் மன்ற உறுப்பினர், பிறகு 1996 முதல் 2002 வரை அதன் மேயர். அப்புறம் மாநில எண்ணெய், எரிவாயு ஆணையத்தில் இருந்தபோது, சொந்தக் கட்சியின் மாநிலத் தலைவர்மீதே நெறிமுறைப் புகார் எழுப்பிவிட்டுப் பதவியைத் துறந்தார். 2006இல் பதவியில் இருந்த ஆளுநர் முர்கோவ்ஸ்கியை உட்கட்சித் தேர்தலிலேயே தோற்கடித்து, ஆளுநரும் ஆனார். 2007இல் எண்ணெய் நிறுவனங்கள்மீது வரியை உயர்த்தினார். இதற்கெல்லாம் துணிச்சல் வேண்டும். எழுந்து நின்று வணங்குகிறேன்.

ஆனால் எதை ஆண்டார் என்று பாருங்கள். வசில்லாவின் மக்கள்தொகை அப்போது ஐயாயிரத்துச் சொச்சம். அலாஸ்கா முழுவதும் சேர்த்தே ஏழு லட்சத்துக்குக் குறைவு. அந்த மாநிலத்தில் வருமான வரி இல்லை, மாநில விற்பனை வரி இல்லை. எண்ணெய்ப் பணம் வருகிறது, அதிலிருந்து ஆண்டுதோறும் ஒவ்வொருவருக்கும் பங்கு போகிறது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு வழக்கமான பங்கோடு ஆளுக்கு 1,200 டாலர் கூடுதலாகவும் கொடுத்தார்கள். கஜானா நிறைந்திருந்த காலத்தில், இரண்டு ஆண்டுகூட நிறையாத ஆளுநர் பதவி. பணம் இல்லாதபோது யாருடைய செலவை வெட்டுவது என்ற கேள்வியை அங்கே அவர் சந்திக்கவே இல்லை.

நாட்டின் முன்னால் அந்தக் கேள்வி எப்போது வந்தது? 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது. வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் கொடுக்கலாமா என்று அமெரிக்காவே தூக்கமில்லாமல் தவித்த நாட்கள் அவை. சி.பி.எஸ் தொலைக்காட்சியில் கேட்டி கூரிக் இதைப் பற்றிக் கேட்டார். பேலினின் பதில் மருத்துவச் செலவு, வேலைவாய்ப்பு, வரிக்குறைப்பு, வர்த்தகம் என்று எங்கெங்கோ சுற்றியது. எந்தச் செய்தித்தாள் படிப்பீர்கள் என்ற கேள்விக்கு ஒரு பெயர்கூடச் சொல்லாததைத்தான் உலகம் பேசியது. அதை நான் பெரிதுபடுத்த மாட்டேன், யாருக்கும் ஒரு நொடி வாய் அடைத்துப்போகும். என்னைக் கவலைப்படுத்துவது அந்த 70,000 கோடிப் பதில்தான். வீட்டை இழக்கப்போகும் ஒரு குடும்பம் அந்தப் பதிலைக் கேட்டிருந்தால், எதைப் பிடித்துக்கொண்டிருக்கும்?

இப்போது ஒபாமா. நியாயமான கேள்விதான். இல்லினாய் மாநில செனட்டில் எட்டு ஆண்டு, அமெரிக்க செனட்டில் நான்கு ஆண்டுகூட இல்லை. அதிகம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அவர் 2007 பிப்ரவரியில் களம் இறங்கி, 2008 ஜூன் வரை உட்கட்சித் தேர்தலில் மாநிலம் மாநிலமாக ஹிலாரி கிளிண்டனோடு மோதினார். விவாத மேடைகளில் அடிபட்டார், தோற்றார், திரும்ப எழுந்தார். போதுமா போதாதா என்று முடிவு செய்தவர்கள் கோடிக்கணக்கான வாக்காளர்கள். பேலினைத் தேர்ந்தெடுத்தவர் ஒரே ஒருவர், அவருடைய கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கெய்ன். அறிவித்த ஆகஸ்ட் 29 முதல் தேர்தல் நாளான நவம்பர் 4 வரை மக்களுக்குக் கிடைத்தது 67 நாட்கள். அதோடு, தனக்கு எது குறை என்று ஒபாமாவுக்குத் தெரிந்திருந்தது. 36 ஆண்டுகள் செனட்டில் இருந்த ஜோ பைடனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மெக்கெய்னோ, ஒபாமாவுக்கு அனுபவமில்லை என்று மேடைக்கு மேடை பேசிவிட்டு, தன் 72வது பிறந்தநாளில், முன்பே தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், இப்படி ஒரு துணையை அறிவித்தார்.

பெண் என்பதால்தான் இந்தக் கேள்வி என்றும் எதிரணியில் சொன்னார்கள். பேலினுடைய உடையையும் குழந்தைகளையும் பற்றி எழுதியவர்கள் செய்தது தவறு. அதில் நான் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அதே கட்சியில் 1993 முதல் செனட்டராக இருந்த டெக்சாஸின் கே பெய்லி ஹட்சிசன் இருந்தார். கீழவையில் 16 ஆண்டு இருந்துவிட்டு செனட்டுக்கு வந்த மெய்ன் மாநிலத்து ஒலிம்பியா ஸ்னோ இருந்தார். ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும் என்பதுதான் எண்ணம் என்றால், பல்லாண்டு உழைத்துப் பழுத்த பெண்கள் அங்கேயே காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போனதைப் பெண்களுக்குத் தந்த மரியாதை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பேலினுக்கே இது அநீதி. இன்னும் ஒரு முறை ஆளுநராக இருந்து, பிறகு செனட்டுக்கும் போய்வந்திருந்தால், அந்தத் துணிச்சலுக்கு ஒரு நாட்டைத் தாங்கும் பலம் வந்திருக்கலாம். நடந்தது என்ன? தோல்விக்குப் பின் அலாஸ்காவுக்குத் திரும்பினார், புகார்களும் வழக்குச் செலவுகளும் துரத்தின, 2009 ஜூலையில் முதல் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். மெக்கெய்ன் அவரைக் கடைசிவரை குறைசொல்லவில்லை. ஆனால் 2018இல், தன் வாழ்நாளின் இறுதியில், ஜோ லீபர்மனைத் துணையாகத் தேர்ந்தெடுக்காததற்கு வருந்துகிறேன் என்று சொன்னார். லீபர்மன் 2008இல் ஏறக்குறைய இருபது ஆண்டு செனட்டராக இருந்தவர்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு வேண்டுகோள், நடுவர் அவர்களே. ஒபாமாவை விட்டுவிடட்டும், ட்ரூமனை விட்டுவிடட்டும். 2008 ஆகஸ்ட் 29க்கு முன்னால், போர், வெளியுறவு, நாட்டின் நிதி இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் சாரா பேலின் பொறுப்பேற்று எடுத்த ஒரு முடிவை, ஒன்றே ஒன்றை, இந்த அவையில் எடுத்துச் சொல்லட்டும். சொன்னால் நான் எழுந்து கைதட்டுகிறேன். நன்றி, வணக்கம்.